கன்ஸ்ட்ரக்டரில் எழுதிய <டி>யும் கிளாஸில் எழுதிய <டி>யும் ஒன்றா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்கிறேன். ஜாவாவில் பெட்டி<டி> என்று ஒரு ஜெனரிக் கிளாஸ் எழுதியிருக்கிறீர்கள்; எந்த டைப் என்பதைப் பிறகு நிரப்புவதற்காக விட்ட இடமே டி என்ற டைப் பாராமீட்டர். அதில் டி டைப்பில் 'மதிப்பு' என்ற ஒரு ஃபீல்டு உள்ளது. கன்ஸ்ட்ரக்டரை, அதாவது பொருளை உருவாக்கும்போது ஓடும் பகுதியை, முதலில் 'பப்ளிக் பெட்டி<டி>(டி ம)' என்று எழுதினீர்கள். கம்பைலர் அதை ஏற்கவில்லை. பிறகு <டி>யை முன்னால் நகர்த்தி 'பப்ளிக் <டி> பெட்டி(டி ம)' என்று மாற்றியதும், டி-யை டி-யாக மாற்ற முடியாது என்ற விசித்திரமான பிழை வந்தது. கடைசியில் <டி>யையே எடுத்துவிட்டதும் பிழை மறைந்து, சரிபார்க்கப்படாத செயல் என்ற எச்சரிக்கை மட்டும் மிஞ்சியது. இதற்கிடையே மதிப்பு எதுவும் வாங்காத இன்னொரு கன்ஸ்ட்ரக்டரில் 'நியூ டி()' என்று எழுதிப் பார்த்தது எந்த வகையிலும் கம்பைல் ஆகவில்லை. டைப் பாராமீட்டரைக் கன்ஸ்ட்ரக்டரில் எங்கே, எப்படி எழுத வேண்டும் என்பதே நீங்கள் கேட்டது. ஆனால் உண்மையில் உங்களுக்கு வேண்டியது, எழுத வேண்டுமா என்பதற்கான பதில் என்று நினைக்கிறேன். (பெட்டி, மதிப்பு போன்ற பெயர்களை ஜாவா அப்படியே ஏற்கும், யூனிகோட் எழுத்துகளில் பெயரிட அந்த மொழியில் இடமுண்டு, பப்ளிக், நியூ போன்ற மொழியின் சொந்தச் சொற்களை மட்டும் நான் ஒலிப்படி எழுதுகிறேன் என்று கொள்ளுங்கள்.)

ஜாவாவில் கோண அடைப்புக்கு இரண்டு வேலைகள் உண்டு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சில இடங்களில் அது ஒரு புதிய டைப் பெயரை அறிவிக்கிறது. சில இடங்களில் ஏற்கெனவே அறிவித்த பெயருக்கு ஒரு டைப்பை நிரப்புகிறது. 'கிளாஸ் பெட்டி<டி>' என்ற வரியில் நிகழ்வது அறிவிப்பு. அந்த வரிக்குப் பின் வரும் முழு கிளாஸ் உடலிலும், ஸ்டாட்டிக் பகுதிகள் (தனிப் பொருள்களுக்கன்றி கிளாஸுக்கே உரியவை) நீங்கலாக, டி என்ற பெயர் செல்லும். கன்ஸ்ட்ரக்டர் அந்த உடலுக்குள்தான் இருக்கிறது. ஆகவே அதற்கு டி-யை யாரும் மறுபடி அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'பப்ளிக் பெட்டி(டி ம)' என்று எழுதினாலே போதும். கிளாஸ் பெயரைச் சொல்லும்போதெல்லாம் <டி>யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கை பழகிவிடுவதால்தான் முதல் தவறு நேர்கிறது. கம்பைலரின் பார்வையில், கிளாஸின் பெயரை அடுத்து நேராக வளைந்த அடைப்பு வந்தால்தான் அது கன்ஸ்ட்ரக்டர். பெயரை அடுத்துக் கோண அடைப்பு வந்துவிட்டால், 'பெட்டி<டி>' என்பது ஒரு மெத்தட் திருப்பித் தரும் டைப் என்று அது முடிவு கட்டிவிடுகிறது, அடுத்து மெத்தடின் பெயரை எதிர்பார்க்கிறது, பெயருக்குப் பதில் '(' வந்து நிற்பதால், பெயர் எதிர்பார்க்கப்படுகிறது என்று முறையிடுகிறது. பிழைச் செய்தி ஜெனரிக்ஸ் பற்றி ஒரு சொல்லும் சொல்லாததற்குக் காரணம் அதுவே.

இரண்டாவது வடிவம் இன்னும் சுவாரசியமானது, இன்னும் ஆபத்தானது. 'பப்ளிக் <டி> பெட்டி(டி ம)' என்பது இலக்கணப்படி முழுக்கச் சரியான ஜாவா. மெத்தடுக்கு இருப்பதைப் போலவே கன்ஸ்ட்ரக்டருக்கும் சொந்தமாக டைப் பாராமீட்டர் இருக்கலாம் என்பதை மொழி அனுமதிக்கிறது. ஆனால் நீங்கள் அங்கே அறிவித்தது கிளாஸின் டி அல்ல. அதே பெயருடைய வேறொரு டி. பெயர் ஒன்று, ஆள் வேறு. உள்ளே இருக்கும் டி வெளியே இருக்கும் டி-யை மறைத்துவிடுகிறது. கன்ஸ்ட்ரக்டருக்குள் வரும் 'ம' புதிய டி-யைச் சேர்ந்தது, ஃபீல்டு பழைய டி-யைச் சேர்ந்தது, ஒன்றை இன்னொன்றில் வைக்க முடியாது. உங்கள் டெர்மினலில் வந்த செய்தியை நிதானமாகப் படித்தால் இதைக் கம்பைலரே சொல்லியிருப்பது தெரியும். ஜாவாவின் கம்பைலரான ஜாவாசி அந்த இரண்டையும் டி#1, டி#2 என்று எண் போட்டுப் பிரித்து, அடுத்த வரிகளில் டி#1 கன்ஸ்ட்ரக்டரில் அறிவிக்கப்பட்டது, டி#2 கிளாஸில் அறிவிக்கப்பட்டது என்று விளக்கமும் தருகிறது. பெரும்பாலோர் முதல் வரியோடு நிறுத்திவிட்டு இணையத்தில் தேடப் போய்விடுகிறார்கள். பதில் அதற்குக் கீழே உள்ள வரிகளில் இருக்கிறது. எக்லிப்ஸ் என்ற நிரலெழுதும் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு எண்கள் வராது. டி-யிலிருந்து டி-க்கு மாற்ற இயலாது என்று மட்டும் வரும். அதற்கு ஈடாக, இந்த டைப் பாராமீட்டர் இன்னொரு டைப்பை மறைக்கிறது என்ற தனி எச்சரிக்கையை அது மஞ்சள் கோடிட்டுக் காட்டும்.

இதை ஆபத்தானது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. உங்களுக்குப் பிழை வந்தது ஒருவகையில் நல்லதாயிற்று. கன்ஸ்ட்ரக்டர் தன் மதிப்பை நேராக ஃபீல்டில் வைத்ததால்தான் இரண்டு டி-களும் மோதிக்கொண்டன. மோதாத நிலையைப் பாருங்கள். கன்ஸ்ட்ரக்டர் 'லிஸ்ட்<டி> தொடக்கம்' என்று ஒரு பட்டியலை வாங்கி, அதன் நீளத்தை மட்டும் ஓர் எண் ஃபீல்டில் வைத்துக்கொள்கிறது என்று கொள்வோம். அப்போது எந்தப் பிழையும் வராது. எண்களின் பட்டியலைக் கொடுத்து 'நியூ பெட்டி<ஸ்ட்ரிங்>' உருவாக்கினாலும் கம்பைலர் அமைதியாக ஏற்றுக்கொள்ளும், ஏனெனில் பட்டியலின் டி-க்கும் பெட்டியின் டி-க்கும் இப்போது யாதொரு தொடர்பும் இல்லை. ஜாவா 10-இல் வந்த 'வார்' உடன் 'நியூ பெட்டி<>(எண்கள்)' என்று எழுதினால், கிளாஸின் டி-யைக் கணிக்க எந்தத் தடயமும் கிடைக்காமல் பெட்டி<ஆப்ஜெக்ட்> என்று முடிவாகும். பிழை வேறெங்கோ, பல கோப்புகள் தள்ளி வெளிப்படும். ஆகவே கன்ஸ்ட்ரக்டருக்கு முன் ஒரு கோண அடைப்பைப் பார்த்தால், உள்ளே இருக்கும் எழுத்து கிளாஸின் எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று உடனே பார்க்கும் பழக்கத்தை நான் வைத்திருக்கிறேன். ஒத்துப்போனால் பெரும்பாலும் அது தவறு.

இதே நோய் இன்னொரு உருவிலும் வரும். மாணவர்கள் லிங்க்டு லிஸ்ட் எழுதும்போது வழக்கமாகக் காண்பது. வெளி கிளாஸ் சங்கிலி<டி>. அதற்குள் ஸ்டாட்டிக் அல்லாத கிளாஸாகக் கண்ணி<டி>. உள் கிளாஸுக்கு வெளியே இருக்கும் டி தானாகவே தெரியும் என்பதால், கண்ணிக்குப் பின்னால் போட்ட <டி> மறுபடியும் இரண்டாவது டி-யை உண்டாக்குகிறது. கண்ணியை ஸ்டாட்டிக் ஆக்கினால் <டி> கட்டாயம் வேண்டும். ஸ்டாட்டிக் ஆக்காவிட்டால் <டி> கூடாது. நான் எப்போதும் ஸ்டாட்டிக் பக்கமே சாய்வேன், அதுவும் வேறு காரணத்துக்காக: ஸ்டாட்டிக் அல்லாத ஒவ்வொரு கண்ணியும் வெளிப் பொருளை நினைவில் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும்.

சரி, கன்ஸ்ட்ரக்டருக்குச் சொந்த டைப் பாராமீட்டர் எதற்குத்தான் பயன்படும் என்று கேட்கலாம். மிக அரிதாக. வாங்கும் மதிப்பு எண்ணாகவும் இருக்க வேண்டும், தன் இனத்தோடு ஒப்பிடத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளை ஒரே பாராமீட்டர் மீது சுமத்த வேண்டிய இடங்களில் அது உதவும். அதை வைல்டுகார்டால், அதாவது எந்த டைப்பானாலும் என்று சொல்லும் '?' குறியால், சொல்ல முடியாது. அழைக்கும்போது அந்த டைப்பை வெளிப்படையாகக் கொடுக்கவும் வழியுண்டு: 'நியூ <ஸ்ட்ரிங்>பெட்டி<இன்டிஜர்>(...)' என்று நியூ-க்கும் கிளாஸ் பெயருக்கும் நடுவே எழுத வேண்டும். முதல் அடைப்பு கன்ஸ்ட்ரக்டருக்கு, இரண்டாவது கிளாஸுக்கு. முதல் அடைப்பைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை டைமண்டாக, அதாவது வெறும் <> ஆக விட முடியாது, கம்பைலர் மறுக்கும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சொந்த டைப் பாராமீட்டரே இல்லாத கன்ஸ்ட்ரக்டருக்கு அந்த முதல் அடைப்பைக் கொடுத்தால் ஜாவா பிழை சொல்லாது, கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஆகவே அந்த வடிவம் கம்பைல் ஆனது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மற்றபடி நீங்கள் எழுதப் போகும் நூற்றில் தொண்ணூற்றொன்பது கன்ஸ்ட்ரக்டர்களுக்கு, அர்ரேலிஸ்ட் செய்வதைப் போல 'கலெக்‌ஷன்<? எக்ஸ்டென்ட்ஸ் ஈ>' என்று வைல்டுகார்டோடு வாங்குவதே போதும்.

இனி மிஞ்சிய எச்சரிக்கை. இங்கே நான் சற்று நிதானிக்க வேண்டும், ஏனெனில் உங்கள் கேள்வியில் கிளாஸ் மட்டும் இருக்கிறது, அதை அழைக்கும் வரி இல்லை. அந்த எச்சரிக்கை இரண்டு இடங்களிலிருந்து வந்திருக்கலாம். ஒன்று, நீங்கள் 'பெட்டி<ஸ்ட்ரிங்> ப = நியூ பெட்டி("அ")' என்று அடைப்பே இல்லாமல் அழைத்திருக்கலாம்; டைப்பை நிரப்பாத இந்த வடிவத்துக்கு ரா டைப் என்று பெயர். இரண்டு, 'நியூ டி()' மறுக்கப்பட்டதால் '(டி) நியூ ஆப்ஜெக்ட்()' என்று காஸ்ட் செய்து, அதாவது டைப்பை வலிந்து மாற்றி, பார்த்திருக்கலாம். கம்பைல் செய்யும்போது '-எக்ஸ்லின்ட்:அன்செக்ட்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் வரி எண்ணோடு விவரம் வரும். ரா டைப்பின் உறுப்பாக அழைக்கப்பட்டது என்று சொன்னால் முதல் காரணம். சரிபார்க்கப்படாத காஸ்ட் என்று சொன்னால் இரண்டாவது. என் ஊகம் முதலாவது, ஏனெனில் <டி>யை எடுப்பது என்று தீர்மானித்தவர் எல்லா இடங்களிலும் எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் மருந்து இரண்டு எழுத்துகள்தான்: 'நியூ பெட்டி<>("அ")'. 2011-இல் ஜாவா 7-உடன் வந்தது இந்த டைமண்ட். கண்ணுக்கு வெற்று அடைப்பாகத் தெரிந்தாலும், அடைப்பு இல்லாததற்கும் வெற்று அடைப்புக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. வெற்று அடைப்பு, டைப்பை நீயே கணித்துச் சரிபார் என்று கம்பைலரிடம் சொல்கிறது. அடைப்பின்மை, சரிபார்க்கவே வேண்டாம் என்று சொல்கிறது.

அதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒவ்வொரு ஊழியரின் எண்ணையும் இப்படி ஒரு சிறு ஜெனரிக் பொருளில் சுற்றி வைத்திருந்தார்கள். அறிவிப்பு பெட்டி<லாங்> என்று இருந்தது. உருவாக்கிய வரியில் 'நியூ பெட்டி(5)' என்று ரா டைப்பாக இருந்தது. 5 என்பது இன்ட், அது ஆப்ஜெக்டாக மாறும்போது இன்டிஜர் ஆகும், லாங் ஆகாது. கம்பைலர் ஓர் எச்சரிக்கையை முணுமுணுத்தது. முந்நூறு எச்சரிக்கைகளுக்கு நடுவே அதை யாரும் பார்க்கவில்லை. மாதக் கடைசியில் அறிக்கை ஓடும்போது, இன்டிஜரை லாங் ஆக்க முடியாது என்று கிளாஸ்காஸ்ட்எக்ஸப்ஷன் வந்தது. அது சுட்டிய வரியில் காஸ்ட் என்று எதுவுமே இல்லை, 'ப.எடு()' என்ற அழைப்பு மட்டும் இருந்தது. எழுதாத காஸ்ட் எப்படித் தோற்றது என்று ஒரு மாலை முழுவதும் விழித்தோம். அந்தக் காஸ்ட்டைப் போட்டது கம்பைலர். மதிப்பை வெளியே எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் அது தானே ஒரு காஸ்ட்டைச் செருகுகிறது; உள்ளே தவறான பொருளை வைத்த கன்ஸ்ட்ரக்டர் வரி எந்தச் சத்தமும் இல்லாமல் கடந்து போய்விடும். அங்கே <> மட்டும் இருந்திருந்தால், இன்ட்டை லாங் ஆக்க முடியாது என்று அந்த வரியிலேயே கம்பைல் நின்றிருக்கும்.

கம்பைலர் ஏன் காஸ்ட் செருக வேண்டியிருக்கிறது என்பதுதான் 'நியூ டி()' ஏன் முடியாது என்பதற்கும் விடை. ஜெனரிக்ஸ் ஜாவாவுக்குள் வந்தது 2004-இல், ஜாவா 5-உடன். அதற்கு அடித்தளமான ஜிஜே என்ற வடிவத்தை 1998-இல் கிலாட் பிராக்கா, மார்ட்டின் ஓடர்ஸ்கி, டேவிட் ஸ்டவுடமையர், பிலிப் வாட்லர் ஆகியோர் முன்வைத்திருந்தார்கள். ஏற்கெனவே உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த பழைய ஜாவா நிரல்களும் நூலகங்களும் புதியவற்றோடு தொடர்ந்து இணைந்து வேலை செய்ய வேண்டும் என்பது முதன்மையான நிபந்தனை. அதனால் டைப் பாராமீட்டர்கள் கம்பைல் நேரச் சரிபார்ப்புக்கு மட்டுமே. அது முடிந்ததும் டி இருந்த இடத்தில் அதன் முதல் வரம்பு (அது எந்த டைப்பின் வகையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை), வரம்பு இல்லையென்றால் ஆப்ஜெக்ட், வந்து உட்கார்ந்துவிடும். எரேஷர் என்பது இதுதான். ஓடும் நேரத்தில் பெட்டி<ஸ்ட்ரிங்>, பெட்டி<லாங்> என்று இரண்டு கிளாஸ்கள் இல்லை, பெட்டி ஒன்றுதான். அதன் கன்ஸ்ட்ரக்டருக்குத் தன் டி யார் என்று தெரியாது. தெரியாத ஒருவரை அது எப்படிப் பிறப்பிக்கும்? தெரிந்திருந்தாலும், அந்தக் கிளாஸுக்குப் பாராமீட்டர் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. சி ஷார்ப் மொழி 2005-இல் வேறு வழியை எடுத்தது. அங்கே டைப் விவரம் ஓடும் நேரத்திலும் உண்டு, 'வேர் டி : நியூ()' என்ற நிபந்தனையை வைத்தால் 'நியூ டி()' செல்லும், அங்கிருந்து வருபவர்கள் ஜாவாவில் இதே வரியில் தடுக்கி விழுவது இயல்பே. இதே எரேஷரின் இன்னொரு விளைவு, 'லிஸ்ட்<ஸ்ட்ரிங்>' வாங்கும் ஒரு கன்ஸ்ட்ரக்டரையும் 'லிஸ்ட்<இன்டிஜர்>' வாங்கும் இன்னொன்றையும் ஒரே கிளாஸில் வைக்க முடியாது என்பது. அழித்த பின் இரண்டும் ஒன்றாகிவிடும்.

மாற்று வழி, டி-யை உருவாக்கும் திறனைக் கன்ஸ்ட்ரக்டருக்கு வெளியிலிருந்து கொடுப்பது. ஜாவா 8 முதல் இதற்கு எளிய வடிவம், கேட்கும்போது ஒரு மதிப்பைத் தரும் 'சப்ளையர்<டி>'. கன்ஸ்ட்ரக்டர் 'பெட்டி(சப்ளையர்<? எக்ஸ்டென்ட்ஸ் டி> ஆக்கி)' என்று வாங்கி, உள்ளே 'மதிப்பு = ஆக்கி.கெட்()' என்று எழுதும். அழைப்பவர் 'நியூ பெட்டி<>(அர்ரேலிஸ்ட்::நியூ)' என்பதைப் போல ஒரு கன்ஸ்ட்ரக்டர் குறிப்பைக் கொடுப்பார். இடப்பக்கம் அறிவிப்பு இருக்கும் வரை கணிப்பு சரியாக நடக்கும். பழைய நிரல்களில் 'கிளாஸ்<டி>' வாங்கி, ரிஃப்ளெக்‌ஷன் (ஓடும் நேரத்தில் கிளாஸை ஆராயும் வசதி) மூலம் 'நியூஇன்ஸ்டன்ஸ்' அழைப்பதைப் பார்ப்பீர்கள். கிளாஸ் மீது நேரடியாக அழைக்கும் அந்த மெத்தட் ஜாவா 9-இல் கைவிடத்தக்கது என்று குறிக்கப்பட்டுவிட்டது, 'கெட்டிக்ளேர்டுகன்ஸ்ட்ரக்டர்' வழியாகப் போவதே இப்போதைய முறை. ஆனால் லிஸ்ட்<ஸ்ட்ரிங்> என்பதற்கென்று ஒரு கிளாஸ் பொருள் கிடையாது என்பதால், நான் சப்ளையரையே பரிந்துரைப்பேன். கிளாஸ் பொருளை வாங்குவதே பொருத்தமான இடங்களும் உண்டு. நிலையான நூலகத்தின் ஈனம்மேப், அதாவது ஈனம் என்ற நிலையான மதிப்புப் பட்டியலைச் சாவியாகக் கொண்ட மேப், வெற்றாக உருவாக்கப்படும்போது சாவியின் கிளாஸைக் கட்டாயமாகக் கேட்கிறது, ஏனெனில் அந்த ஈனமில் எத்தனை மதிப்புகள் உள்ளன என்று தெரிந்தால்தான் உள்ளே அத்தனை இடங்கள் கொண்ட அர்ரேயை அது ஒதுக்க முடியும். 'நியூ டி[10]' முடியாததும் இதே காரணத்தால். அர்ரேலிஸ்ட் கூட உள்ளே ஆப்ஜெக்ட் அர்ரேயைத்தான் வைத்துக்கொண்டு, எடுக்கும்போது காஸ்ட் செய்கிறது. நீங்களும் அப்படிச் செய்யலாம். ஆனால் அந்த அர்ரேயை டி[] என்று சொல்லி வெளியே திருப்பித் தந்துவிடாதீர்கள், வாங்குபவரின் வரியில் வெடிக்கும்.

கன்ஸ்ட்ரக்டரால் செய்ய முடியாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிற்பாடு இதில்தான் இடிப்பீர்கள். கிளாஸின் டி மீது ஒரு கன்ஸ்ட்ரக்டருக்கு மட்டும் கூடுதல் நிபந்தனை வைக்க முடியாது. உறுப்புகளை வரிசைப்படுத்தி வைக்கும் ட்ரீசெட்டைப் பாருங்கள். ஒப்பிடுவானைக் கொடுத்து உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்கு உறுப்புகள் எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம்; ஒன்றும் கொடுக்காத கன்ஸ்ட்ரக்டருக்கு உறுப்புகள் தாமாகவே ஒப்பிடத்தக்கவையாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைக் கன்ஸ்ட்ரக்டரில் எழுத இடமில்லாததால், ஒப்பிட முடியாத பொருள்களுக்கும் ட்ரீசெட் உருவாகிவிடுகிறது, முதல் உறுப்பைச் சேர்க்கும்போது கிளாஸ்காஸ்ட்எக்ஸப்ஷன் வருகிறது. ஸ்டாட்டிக் மெத்தடுக்கு இந்தத் தடை இல்லை. அதற்குச் சொந்த டைப் பாராமீட்டர் இருப்பதால் அதன் மீது விரும்பிய வரம்பை வைக்கலாம். கூகுளின் குவாவா நூலகத்தில் 'செட்ஸ்.நியூட்ரீசெட்' தன் டைப்பை ஒப்பிடத்தக்கதாக இருக்கும்படி வரம்பிடுவது இவ்வாறுதான். உங்கள் பெட்டிக்கும் இத்தகைய தேவை எழுந்தால், கன்ஸ்ட்ரக்டரைப் பிரைவேட் ஆக்கி, 'பப்ளிக் ஸ்டாட்டிக் <டி எக்ஸ்டென்ட்ஸ் கம்பேரபிள்<டி>> பெட்டி<டி> உருவாக்கு(...)' என்று எழுதுங்கள். இங்கே ஸ்டாட்டிக்குக்குப் பின் வரும் <டி> உண்மையிலேயே புதிய அறிவிப்பு, ஏனெனில் கிளாஸின் டி ஸ்டாட்டிக் பகுதிக்குள் எட்டாது. மேலே தவறென்று சொன்ன அதே எழுத்து இங்கே சரியாகிறது.

உங்கள் கோப்பில் இப்போது மாற்ற வேண்டியது இவ்வளவே: முதல் கன்ஸ்ட்ரக்டர் 'பப்ளிக் பெட்டி(டி ம)' என்றே இருக்கட்டும், மதிப்பு வாங்காத கன்ஸ்ட்ரக்டரை நீக்கிவிட்டு சப்ளையர் வாங்கும் ஒன்றை வையுங்கள், அழைக்கும் இடங்களிலெல்லாம் <> சேருங்கள். பெட்டிக்குள் ஒரு சப்ளையரையே மதிப்பாக வைக்க வேண்டிய நிலை வந்தால் இரண்டு கன்ஸ்ட்ரக்டர்களில் எதை அழைத்தோம் என்று குழப்பம் வரும்; அப்படியொரு நிலை வருமென்று தோன்றினால், இரண்டாவதை வேறு பெயருள்ள ஸ்டாட்டிக் மெத்தடாக வைப்பதே மேல். இவற்றுக்குப் பிறகும் எச்சரிக்கை வந்தால், அது சுட்டும் வரியையும் அந்த மாறியை அறிவித்த வரியையும் அப்படியே எடுத்துக் கேள்வியில் சேருங்கள். காஸ்ட்டா, ரா டைப்பா என்பதை அந்த இரண்டு வரிகளை வைத்துச் சொல்லிவிடலாம்.